பூட்டு டீச்சரின் வலது குதிகால்

மூன்று எண் பூட்டுப் போட்ட தகரப் பெட்டியை மேசையின் நடுவில் வைத்தாயிற்று. கேள்வியைக் கரும்பலகையில் எழுதியாயிற்று. விரலில் ஒட்டிய சாக்பீஸ் தூளை ஒரு ஊது ஊதிவிட்டு, நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, முப்பத்தாறு பிள்ளைகளுக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறார் டீச்சர்.

"இனிமே நான் இல்ல. நீங்களாச்சு, பெட்டியாச்சு."

ஏழாம் வகுப்பின் கணக்குப் பாடம் இப்படித்தான் ஆரம்பிக்கும். கணக்கைப் போட்டால் வரும் விடைதான் பூட்டின் எண். விடை சரியென்றால் பெட்டி திறக்கும். உள்ளே சில நாள் மிட்டாய் இருக்கும். சில நாள் 'இன்று வீட்டுப்பாடம் இல்லை' என்று எழுதிய சீட்டு இருக்கும். மிட்டாயைவிடச் சீட்டுக்குத்தான் மவுசு. வருகைப் பதிவேட்டில் அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. அதை யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. பிள்ளைகளுக்கும் பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்கும் அவர் பூட்டு டீச்சர்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். நடக்கும்போது அவர் வருவதற்கு முன்னால் பையின் சத்தம் வரும். அதற்குள் நான்கு பூட்டுகள், ஒரு கண்டு சணல் கயிறு, நிமிடம் பார்க்கும் கடிகாரம், மடக்கு அளவுகோல், பாதி எரிந்த மெழுகுவத்தி, மூடியில்லாத டப்பாக்கள். ஒரு தடவை அந்தப் பை பஸ்ஸில் தவறிப்போய், கண்டெடுத்துக் கொடுத்தவர் "பூட்டு ரிப்பேர் பண்றீங்களாம்மா?" என்று கேட்டிருக்கிறார். "கிட்டத்தட்ட" என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நூலகம் என்பது ஏழாம் வகுப்பின் பின்பாதியைப் பலகைத் தடுப்பால் அறுத்து எடுத்த ஒரு துண்டு. தடுப்பின் கீழ்ப்பகுதியில் ஒரு பலகை ஒன்றரை வருடத்துக்கு முன்பு பெயர்ந்துபோய்விட்டது. என் மேசையில் உட்கார்ந்து பார்த்தால் அந்த இடைவெளியில் பூட்டு டீச்சரின் நாற்காலிக் கால்களும், அவருடைய கால்களும் தெரியும். மற்றதெல்லாம் காதில் விழும். ஓர் ஆசிரியரை ஒன்றரை வருடம் கணுக்காலுக்குக் கீழே மட்டும் பார்த்துப் பழகியவன் என்ற பெருமை எனக்கு உண்டு.

கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லமாட்டார். இது கொள்கையா, குணமா என்று எனக்குத் தெரியாது. நூலகத்தில் இருக்கும் கணக்குப் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் கடைசியில் விடைப் பக்கங்கள் உண்டு. டீச்சர் இங்கே சேர்ந்த முதல் வாரத்தில் ஸ்டேப்ளரோடு வந்து, நாற்பது புத்தகங்களின் கடைசிப் பக்கங்களையும் சேர்த்துப் பின் அடித்துவிட்டுப் போனார். "பசங்க பின்னைப் பிரிச்சுப் பாத்தா?" என்று கேட்டேன். "எப்படிப் பிரிச்சான், எப்படித் திரும்ப மாட்டினான்னு எழுதிக் காட்டச் சொல்லுங்க தம்பி. அதுக்கும் மார்க் போடலாம்."

ஒரு நாள் கவிதை அலமாரியிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார். அந்த அலமாரியைத் தொட்ட முதல் ஆள் அவர்தான் என்பதால் நான்கு நாள் நிம்மதியில்லாமல் காத்திருந்தேன். திருப்பிக் கொடுக்கும்போது, "நல்லாயிருந்துச்சு தம்பி. கடைசியில விடை போடாம விட்டிருக்காங்க" என்றார். நான் அதுவரை கேட்ட கவிதை விமர்சனங்களிலேயே அதுதான் சுருக்கமானது.

முதுகைக் காட்டி உட்காருவதற்குக் காரணம் அவருடைய முகம். வந்த புதிதில் பிள்ளைகளைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தார். யாராவது விடையை நெருங்கிவிட்டால் அவருடைய புருவம் இரண்டும் நெற்றியில் பாதி தூரம் ஏறிவிடும். தூரப் போனால் இறங்கிவிடும். ஒரே வாரத்தில் வகுப்பு கணக்கை விட்டுவிட்டுப் புருவத்தைப் படிக்க ஆரம்பித்தது. "ஏறுது டேய், ஏறுது!" என்று யாரோ கத்தியபோதுதான் அவருக்கு உறைத்தது. மறுநாள் நாற்காலி திரும்பிக்கொண்டது. அன்றிலிருந்து தன் வகுப்பில் விடை கசிவதில்லை என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

கசிந்துகொண்டுதான் இருந்தது. இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். புருவத்தில் அடைத்தது வலது குதிகாலில் வெளியே வந்தது. யாராவது சரியான பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தால், அவருடைய வலது குதிகால் செருப்பைவிட்டு ஒரு விரல்கடை மேலே எழும். விடை பக்கத்தில் வந்துவிட்டால் இரண்டு விரல்கடை. தப்பாகப் போனால் செருப்போடு அப்பிக்கொள்ளும். இவ்வளவு நேர்மையான குதிகாலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஏழாம் வகுப்பு இதைக் கண்டுபிடிக்க மூன்று நாள் எடுத்துக்கொண்டது. பிறகு அதை ஒரு துறையாகவே வளர்த்துவிட்டது. ஜன்னலோர இரண்டாம் பெஞ்சிலிருந்து பார்த்தால்தான் குதிகால் முழுசாகத் தெரியும். அந்த இடத்துக்கு 'டவர்' என்று பெயர். டவரில் உட்காருகிறவன் குதிகால் எழுந்தால் தன் காதைப் பிடித்து இழுப்பான். முன்பெஞ்சு முதல் பின்பெஞ்சு வரை எல்லாரும் அந்தக் காதைப் பார்ப்பார்கள். அவன் காது ஒன்று மற்றதைவிடச் சிவந்திருப்பதை வைத்து அன்று எத்தனை கணக்கு ஆயிற்று என்று நான் சொல்லிவிடுவேன்.

"நூத்தி நாப்பதா இருக்குமோ?"

"டவர் இல்ல."

"நூத்தி அறுபது?"

"லேசா கிடைக்குது. இன்னும் ஏத்து."

"நூத்தி அறுபத்தி நாலு?"

"ஃபுல் டவர் டா!"

இப்படித்தான் பெட்டி திறந்தது. டீச்சர் திரும்பி, அசல் சந்தோஷத்தோடு, "பாத்தீங்களா? நானா சொன்னேன்? நீங்களா யோசிச்சுக் கண்டுபிடிச்சீங்க!" என்பார். முப்பத்தாறு பேரும் மிட்டாயைச் சப்பிக்கொண்டே தலையாட்டுவார்கள். யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு மனுஷியின் குதிகால் நரம்பை எந்த வார்த்தை எவ்வளவு அசைக்கிறது என்று அவர்கள் கண்டுபிடித்து வைத்திருந்ததை ஒரு பல்கலைக்கழகம் செய்திருந்தால் பட்டமே கொடுத்திருப்பார்கள்.

நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒருவரிடம் போய் "உங்கள் குதிகால் பேசுகிறது" என்று எந்த வாக்கியத்தில் ஆரம்பித்துச் சொல்வது என்று யோசித்தே ஒரு வருடம் போய்விட்டது.

ஆசிரியர் அறையில் அவருக்கு எதிர் நாற்காலி வரலாற்று ஆசிரியருடையது. அவர் வருடத் தொடக்கத்தில் எழுதிக் கொடுத்த குறிப்புகளை வருட முடிவில் அப்படியே திரும்ப வாங்குகிறவர். டீச்சரைச் சீண்டாமல் அவருக்கு டீ இறங்காது.

"என்ன டீச்சர், இன்னிக்கு என்ன, தொங்கு பூட்டா, கதவுப் பூட்டா?"

"நம்பர் பூட்டு சார்."

"எனக்குப் பாடம் ரெண்டு ரவுண்டு முடிஞ்சுபோச்சு. உங்களுக்கு?"

"உங்களுக்கு முடிஞ்சுடுச்சு சார். பசங்களுக்கு ஆரம்பிச்சிடுச்சான்னு பாத்தீங்களா?"

"அதெல்லாம் பரீட்சையில தெரியும்மா."

"பரீட்சைன்னதும் ஞாபகம் வருது. உங்க டீயில சர்க்கரை இல்ல. ஏன்னு சொல்லுங்க பாப்போம்?"

"நீங்க எடுத்து ஒளிச்சு வச்சிருக்கீங்க."

"அது எப்படின்னு நீங்க நிரூபிக்கணும்."

சர்க்கரை டப்பா அலமாரியின் பின்னால் இருந்தது. வரலாற்று ஆசிரியர் கண்டுபிடிக்கவில்லை. சர்க்கரை இல்லாமலே குடித்துவிட்டுப் போனார். அவர் குதிகாலைப் பார்க்கத் தெரியாதவர்.

டீச்சர் வீட்டிலும் இதே கதைதான். அவர் நூலகத்தில் மறந்துவிட்டுப் போன கடிகாரத்தைக் கொடுக்க ஒரு மாலை போயிருந்தேன். மூன்றாம் மாடி, இரண்டு அறை, சமையலறை வாசலிலிருந்து பார்த்தால் வீடு முழுவதும் தெரியும். அவருடைய கணவர் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். ஊராருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிற அந்த மனிதர், தன் கண்ணாடியைக் காணாமல் வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இங்க பாரு, என் கண்ணாடி எங்க?"

"கடைசியா எதைப் படிச்சீங்க?" அடுப்பைப் பார்த்தபடி டீச்சர் கேட்டார்.

"அது ஞாபகம் இருந்தா உன்னை ஏன் கேக்குறேன்? நேரா சொன்னா நாக்கா தேஞ்சிடும்?"

"படிச்ச இடத்துக்கும் எழுந்த இடத்துக்கும் நடுவுல எத்தனை இடம் இருக்கு? ஒவ்வொண்ணா கழிங்க."

கல்லூரியில் படிக்கும் மகள் சமையலறை வாசலில் சாய்ந்து நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்து மெதுவாகத் தலையை அசைத்தாள். அவர் டிவி பக்கம் போனார். "இல்ல" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். துணி மடித்து வைத்திருந்த நாற்காலி பக்கம் போனார். மகளின் கண் அம்மாவின் காலுக்குப் போய்த் திரும்பியது. "இன்னும் கிட்டப்பா." மடித்த துணிகளுக்கு நடுவே கைவிட்டார். கண்ணாடி வந்தது.

"பாத்தீங்களா?" டீச்சர் கரண்டியோடு திரும்பினார். "யோசிச்சா கிடைக்குது இல்ல?"

"ஆமாமா, யோசிச்சேன்" என்றார் அவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கும் தெரியும் என்பது அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

இருபத்தோரு வருடக் குடும்பம் அந்த ஒரு குதிகாலைக் கொண்டு ஓடிக்கொண்டிருக்கிறது. குதிகாலுக்குச் சொந்தக்காரர் ஒருவருக்குத்தான் செய்தி போய்ச் சேரவில்லை.

படிக்கட்டில் இறங்கும்போது மகள் வாசல்வரை வந்தாள். "அம்மா வேலை இந்த வருஷமாவது நிரந்தரம் ஆகுமாண்ணா?" என்று கேட்டாள். "இந்த வருஷமும் தற்காலிகம்னா நான் 'தற்காலிக அம்மா'ன்னு கூப்பிடப் போறேன்னு சொல்லிட்டேன். சிரிச்சாங்க. அப்புறம் ரொம்ப நேரம் பாத்திரம் கழுவினாங்க."

விஷயம் இதுதான். பூட்டு டீச்சர் தற்காலிக ஆசிரியர். தற்காலிகத்தில் மூன்று வருடத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. அவருக்கு இது மூன்றாவது வருடம். இதற்கு முன்பு இரண்டு பள்ளிகளில் இதே மூன்றாவது வருடத்தில்தான் வெளியே வந்திருக்கிறார்; இரண்டிலும் நிரந்தர இடம் விடைகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டவர்களுக்குப் போனது. இங்கே நிரந்தர இடம் ஒன்றுதான் இருக்கிறது. மேலிடத்திலிருந்து ஆய்வாளர் வந்து, வகுப்பைப் பார்த்து, படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டால் அது அவருக்கு. போடாவிட்டால் அடுத்த மாதம் பையோடு வீட்டுக்கு.

வேடிக்கை என்னவென்றால், இந்த வருடம் மேலிடம் அனுப்பிய சுற்றறிக்கையே, 'புதிர்களும் சிக்கல்களும் கொடுத்து மாணவர்களைத் தாமாகச் சிந்திக்க வைக்கும் முறை' எல்லா வகுப்புகளிலும் கட்டாயம் என்றது. இத்தனை வருடமாக எதைச் செய்ததற்காகத் திட்டு வாங்கினாரோ அது இப்போது உத்தரவாகிவிட்டது. வரலாற்று ஆசிரியர்கூட ஒரு பூட்டு வாங்கிவிட்டார். அதைத் தன் அலமாரிக்குப் போட்டுக்கொண்டார்.

தலைமை ஆசிரியர் பயந்த மனிதர். மாணவர்கள் தாமாகச் சிந்திக்கிறார்களா என்று பார்க்க ஆள் வருகிறார் என்றதும், ஆய்வுக்கு முந்தைய நாள் கடைசிப் பாடவேளையில் ஏழாம் வகுப்புக்குள் போய், எப்படிச் சிந்திப்பது என்று ஒத்திகை வைத்துவிட்டார். கணக்கையும் அவரே கொண்டுபோயிருந்தார். தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது.

"நீ முதல்ல எழுந்து சந்தேகம் கேக்குற. நீ ஒரு வழி சொல்ற. நீ, ஒட்டடைக்குச்சி, தப்பா ஒரு விடை சொல்ற."

"நான் ஏன் சார் தப்பா சொல்லணும்?" வகுப்பிலேயே உயரமானவனின் குரல்.

"அது உனக்கு இயல்பா வரும்டா. அப்புறம் நீம்மா, கால்குலேட்டர், நீ எழுந்து நூத்தி எழுபத்தி ரெண்டுன்னு சொல்ற. உடனே சொல்லிடாத. கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி தலையைத் தூக்கி மோட்டைப் பாரு."

எல்லாரும் மோட்டைப் பார்த்துப் பழகினார்கள்.

பூட்டு டீச்சர் இதைக் கேள்விப்பட்டார். பள்ளி விட்டபிறகு முற்றத்துக்குப் போய், நாள் முழுக்க ஒழுகிக்கொண்டிருக்கும் குழாயின் கீழே ஒரு டம்ளரை வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். என் ஜன்னலுக்கு நேர் எதிரே அந்தக் குழாய். அதற்கப்பால் காவல்காரரின் அறை. டம்ளர் நிறைந்ததும் காவல்காரரைக் கூப்பிட்டார்.

"அண்ணே, இந்தக் குழாய்க்குத் தண்ணி வர்ற பெரிய வால்வை எத்தனை மணிக்கு மூடுவீங்க?"

"சாயங்காலம் ஆறு டீச்சரம்மா. காலைல ஆறுக்குத் திறப்பேன்."

"ராத்திரி சொட்டாதா?"

"வால்வை மூடினப்புறம் எங்கேந்து சொட்டும்? குழாயை மாத்துங்கன்னு நானும் சொல்லிட்டேதான் இருக்கேன். எழுதிக் குடுங்கறாங்க. எழுதிக் குடுத்தா எங்க வச்சோம்னு தேடுறாங்க."

டீச்சர் சந்தோஷமாகத் திரும்பி வந்தார். ஒத்திகை பார்த்த கணக்கு குப்பைக்குப் போய்விட்டது என்று எனக்குப் புரிந்தது.

மறுநாள் ஆய்வாளர் வந்தார். நன்றாகச் சவரம் செய்த, களைத்த முகம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படிவத்தைத் தொடைமேல் விரித்துக்கொண்டார். டீச்சர் பெட்டியை வைத்தார். 'நம் முற்றத்துக் குழாயில் நான்கு நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஒழுகிப் போகிறது. ஒரு நாளில் எத்தனை டம்ளர்?' என்று எழுதினார். மோட்டைப் பார்க்கத் தயாராக இருந்த பிள்ளைகள் குழம்பிப்போனதை அந்த அமைதியிலேயே கேட்க முடிந்தது. தலைமை ஆசிரியர் வாசலில் நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இனிமே நான் இல்ல" என்றார் டீச்சர். நாற்காலி திரும்பியது. எனக்கு எதிரே கால்கள் வந்து அமர்ந்தன.

வழக்கமான வேலை உடனே தொடங்கியது.

"ஒரு மணி நேரத்துக்குப் பத்து டம்ளரா?" ஒட்டடைக்குச்சி.

குதிகால் அசையவில்லை.

"பன்னண்டு?"

லேசாக.

"பதினஞ்சு!"

இரண்டு விரல்கடை. டவரில் இருந்தவன் காதை இழுத்த இழுப்பில் பெஞ்சு கிரீச்சிட்டது. வகுப்பு "பதினஞ்சு, பதினஞ்சு" என்று ஆமோதித்தது. பின்னாலிருந்து பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் கேட்டது; ஆய்வாளர் ஏதோ நல்லதாக எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

ஏழாம் வகுப்பில் சேர்ந்து ஒரு வாரமே ஆன ஒரு பெண் இருக்கிறாள். இன்னும் பட்டப்பெயர் வைக்க நேரமில்லாததால் 'புதுசு' என்று கூப்பிடுகிறார்கள். ஊர் நடப்பு தெரியாத பிள்ளை. அவள் எழுந்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்:

"டீச்சர், எல்லாரும் ஏன் உங்க காலையே பாக்குறாங்க?"

டீச்சர் குனிந்து பார்த்திருக்க வேண்டும். எழுந்த நிலையிலேயே நின்றிருந்த குதிகால், திருடும்போது கையைப் பிடித்த மாதிரி, மெதுவாக, ரொம்ப மெதுவாகச் செருப்பில் இறங்கியது.

குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு நாற்காலி பின்னால் தள்ளப்பட்டது.

"நான் பக்கத்து ரூம்ல லைப்ரரில இருக்கேன்" என்றார் டீச்சர். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "இப்பதான் நிஜமாவே நான் இல்ல."

நூலகத்துக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு, என் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தன் வலது காலை யாரோ தெரியாதவருடைய காலைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியுமா தம்பி?"

தலையாட்டினேன்.

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருஷத்துக்கு மேல."

"வீட்டுல?"

நான் மேசையைப் பார்த்தேன். அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது. வாயில் கையை வைத்துக்கொண்டார். கண்ணாடி கிடைத்த எல்லா நாட்களையும் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

"சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். பிறகு அவரே, "சரி விடுங்க. நீங்களும் பதில் சொல்லாம இருந்திருக்கீங்க. நான் எப்படிக் குறை சொல்றது?"

கதவு அரைவாசி திறந்து தலைமை ஆசிரியரின் தலை மட்டும் உள்ளே வந்தது. "என்ன டீச்சர் இது, வகுப்பை அப்படியே விட்டுட்டு! அவரு அங்க எழுதிட்டிருக்காரு!"

"எழுதட்டும் சார்."

"உங்க வேலை டீச்சர், உங்க வேலை! போனா எனக்கா நஷ்டம்?"

"தெரியும் சார்" என்றார். அதைச் சொல்லும்போது அவருடைய இரண்டு கைகளும் முழங்கால்களை இறுகப் பிடித்திருந்தன.

அந்தப் பக்கம் முதலில் சண்டை நடந்தது. டவர் இல்லாத வகுப்பு வழி தெரியாமல் கத்தியது. யாரோ டவர்காரனை "இப்ப சொல்லுடா பெரிய இவனே" என்றார்கள். அப்புறம் கால்குலேட்டரின் குரல்: "ஒரு மணிக்குப் பதினஞ்சு. இருபத்தி நாலு மணிக்கு முந்நூத்தி அறுபது. அவ்வளவுதானே, இதுக்குப் போயி." பூட்டின் சக்கரங்கள் உருண்டன. திறக்கவில்லை. மறுபடி உருட்டினார்கள். பெட்டியை ஒரு தட்டு தட்டினார்கள். திறக்கவில்லை. பெஞ்சுகள் நகர்ந்தன, ஆய்வாளரின் கனத்த குரல் "இங்க கொண்டா, நான் பாக்குறேன்" என்றது. அவருக்கும் திறக்கவில்லை.

பிறகு புதுசின் சன்னமான குரல். என்ன சொன்னாள் என்று எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. "ராத்திரி" என்ற ஒரு வார்த்தைதான் பிடிபட்டது. "அதெல்லாம் ராத்திரியும் சொட்டும்" என்றது ஒரு குரல். "நீ பாத்தியா?" என்றது ஒட்டடைக்குச்சியின் குரல். "ராத்திரி இங்க யாருடா இருக்காங்க பாக்க?"

அந்தச் சமயத்தில்தான் நூலகக் கதவு முழுசாகத் திறந்தது. ஆய்வாளர் படிவமும் பேனாவுமாக நின்றார். அவருக்குப் பின்னால் கைக்குட்டையோடு தலைமை ஆசிரியர். ஆய்வாளரின் சட்டைக் கையில் சாக்பீஸ் தூள் ஒட்டியிருந்தது. அவரும் கரும்பலகையில் ஒரு தடவை போட்டுப் பார்த்திருக்கிறார்.

"மேடம், முந்நூத்தி அறுபதுதான் வருது. பசங்களும் போட்டாங்க, நானும் போட்டேன். பூட்டுலதான் ஏதோ கோளாறு."

"பூட்டு நல்லா இருக்கு சார்."

"அப்ப விடை என்ன?"

டீச்சர் ஜன்னலைப் பார்த்தார்.

"இல்ல மேடம், எனக்காகக் கேக்கல." படிவத்தைத் திருப்பிக் காட்டினார். "இங்க பாருங்க. 'மாணவர்கள் தாமாகச் சிந்தித்தனரா'ங்கறதுக்கு நான் 'ஆம்' போட்டுட்டேன். அதுக்குக் கீழ 'ஆசிரியர் எதிர்பார்த்த விடை'ன்னு ஒரு கட்டம் இருக்கு. அது காலியா இருந்தா மேல திருப்பி அனுப்பிடுவாங்க. நான் கையெழுத்துப் போட முடியாது. எனக்கு பதினொரு மணிக்கு அடுத்த ஸ்கூல்."

"பெல்லு அடிக்கிற வரைக்கும் பொறுக்க முடியுமா சார்?"

"பெல்லுக்குள்ள அவங்களுக்கு வரும்னு என்ன நிச்சயம்?"

"அதுதான் எனக்கும் தெரியல" என்றார் டீச்சர்.

"ஒரே ஒரு நம்பர்தானே டீச்சர்" தலைமை ஆசிரியரின் குரல் ஏறக்குறைய அழுகை. "மெதுவா இவர் காதுல சொல்லிடுங்க. பசங்களுக்குக் கேக்கப் போகுதா? சொல்லிட்டு நிரந்தரமா இங்கயே உக்காந்து எத்தனை பூட்டு வேணும்னாலும் போடுங்க."

டீச்சரின் உதடு ஒரு தடவை பிரிந்தது. சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுகூட நினைத்தேன். வாசலில் நின்று கேட்ட மகளின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது.

வெளியே காலடிச் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். புதுசு முன்னால் நடந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒட்டடைக்குச்சி, அவனுக்குப் பின்னால் நோட்டைத் திறந்தபடி கால்குலேட்டர், அதற்கப்புறம் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு பாதி வகுப்பு. குழாயின் பக்கத்தில் நின்றார்கள். புதுசு குனிந்து, குழாயிலிருந்து மண்ணுக்குள் போகும் பைப்பை விரலால் காட்டிக்கொண்டே நகர்ந்தாள். அந்த விரல் சுவரோரமாகப் போய், காவல்காரரின் அறை இருக்கும் பக்கம் திரும்பியது.

"மேடம்?" ஆய்வாளர் பேனாவைக் கட்டத்தின்மேல் வைத்துக்கொண்டு நின்றார்.

பூட்டு டீச்சர் எழுந்தார். நாற்காலியைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, ஆய்வாளருக்கும் தலைமை ஆசிரியருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். முற்றத்தில் புதுசு காவல்காரரின் கதவைத் தட்டினாள். நாற்காலிக்கு அடியில் வலது குதிகால் செருப்பைவிட்டு எழும்ப ஆரம்பித்தது. டீச்சர் குனிந்து அதைப் பார்த்தார். இடது காலைத் தூக்கி அதன்மேல் வைத்து, அழுத்திக்கொண்டார்.